பாய்லர் ஷாப்புக்கு என் மனைவி வந்த நாள்

வெள்ளைக்காரன் கப்பலேறிய புதிதில் ராயபுரத்தில் கொதிகலன் செய்யும் ஒரு பாய்லர் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே பாய்லருக்குள் குந்த வைத்துவிட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணியின் தலையை நான் உள்ளேயிருந்து இரும்புக் கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். சாயங்காலம் வெளியே வந்தபோது தலை சுற்றியது, காதுக்குள் ஒரே ரீங்காரம். கண்ணையா மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ஒரு ரெண்டு வருசம் போவட்டும் நைனா, எல்லாம் சரியாப் பூடும்" என்றார்.

சொன்னபடியே சம்மட்டிச் சத்தத்தின் தொந்தரவு நின்றது. மற்ற சத்தங்களும் கூடவே நின்றன. ரீங்காரம் மட்டும் விசுவாசமாக இன்றுவரை கூட இருக்கிறது.

காதில் பஞ்சு வைத்திருக்கலாமே என்பீர்கள். மிஷின் துடைக்கப் பஞ்சு மூட்டை மூட்டையாக வரும். பிள்ளை பெற்றவள்தானே காதில் பஞ்சு வைப்பாள்? "இன்னா மாமு, ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?" என்று ஷாப்பே கேட்கும். காது போனவன்தான் எங்களிடம் முழுத் தொழிலாளி.

அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இந்தக் கோடியில் ஒருவன் முணுமுணுத்தால் அந்தக் கோடியிலிருந்து பதில் வரும். குறை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. அதெல்லாம் வீட்டுக்குப் போனால்தான்.

என் மனைவி நாகம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசுவாள். நான் பதில் சொல்லமாட்டேன். சம்பளத் திமிர் என்று முடிவு கட்டினாள். காது கேட்கவில்லை என்று சொல்ல என் கௌரவம் இடம் தரவில்லை. அக்கம்பக்கத்தில் பேசுவதையும் விட்டேன். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருநாள் எங்கள் குழந்தை என் முதுகுக்குப் பின்னால் விழுந்து, நெற்றி உடைந்து அலறியிருக்கிறது. நான் சுகமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நாகம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாப்புக்கே வந்துவிட்டாள். மேஸ்திரிதான் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். அவரிடம் சொல்லிவிட்டுத் திருவொற்றியூரில் தாய் வீட்டுக்கே போய்விடுவது என்று தீர்மானம். இந்த இரைச்சலில் வேறு யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் சொன்னாள்:

"அந்தாளு மனுசனே இல்ல மேஸ்திரி, கல்லு. பெத்த புள்ள கத்துனா திரும்பிப் பாக்காதவன்கூட இனிமே குடித்தனம் பண்ணமாட்டேன்."

ஷாப்பு முழுவதும் அவள் உதட்டைப் படித்துவிட்டது. சம்மட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மறு கோடியிலிருந்து நான் கத்தினேன்: "நான் கல்லு இல்லமே! புள்ள கத்துனது சத்தியமா எனக்குக் கேக்கல!"

அங்கேதான் காரியம் கெட்டது.

"அம்மாந்தூரத்துலேர்ந்து நான் சொன்னது மட்டும் கேக்குதா? வூட்ல கேக்கலியா?" என்றாள். எந்தக் கோர்ட்டும் என்னை விட்டிருக்காது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "அந்தாண்ட திரும்பி நின்னு, மன்சுல கீறத பேசும்மா" என்றார்.

நாகம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் தோள் குலுங்கியதால்தான் பேசுகிறாள் என்றே தெரிந்தது. பேசி முடித்துத் திரும்பினாள். அத்தனை ஆம்பிளைகளும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட எங்களில் யாருக்கும் வந்து சேரவில்லை.

"மேஸ்திரி, உங்களுக்குமா கேக்கல?"

"எனுக்குத்தாம்மா மொதல்ல போச்சு."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. தாய் வீட்டுக்கு அவள் போகவில்லை. அதிலிருந்து பேசுமுன் என் தோளைத் தட்டுவாள். கோபமென்றால் தட்டு பலமாக விழும்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளே, பஞ்சை வையுங்கள். என்ன பிள்ளை என்று கேட்டால் இரட்டைப் பிள்ளை என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அன்றைக்கு முதுகைக் காட்டி நின்று என்ன சொன்னாய் என்று நாகம்மாவை அவள் கண்மூடும்வரை கேட்டேன். "அதெல்லாம் ஒரு தபாதான்யா சொல்ல வரும்" என்றுவிட்டாள். ஷாப்பில் காதுள்ளவன் ஒருவன் இருந்திருந்தால் அவனிடமாவது கேட்டிருப்பேன்.