சிவப்பு அட்டையோடு வாழ்ந்த உங்கள் அத்தை

பிள்ளைகளே, வருகிற வெள்ளிக்கிழமையோடு அத்தை காலமாகி ஒரு வருடம். திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அத்தைதான் மூத்தவர். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அதனால் எங்கள் அம்மா பினாங்கில் கப்பலேறிப் போய், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அத்தையைப் பெற்று, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். அடுத்துப் பிறந்த சின்னத்தையும் நானும் பினாங்கு பெரியாஸ்பத்திரியில் பிறந்தோம். அந்தக் கிராமம் எப்படி இருக்கும் என்று அத்தைக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து மாதம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

நாடு சுதந்திரம் அடைந்த புதிதில் குடியுரிமைக்குப் பதியச் சொன்னார்கள். அப்போது கேள்வி அதிகம் இல்லை. அப்பா தனக்கும் அம்மாவுக்கும் பதிந்தார். இங்கேயே பிறந்த சின்னத்தைக்கும் எனக்கும் பதிய வேண்டியிருக்கவில்லை. அத்தைக்குப் பத்தொன்பது வயது.

"அவளுக்கு எதுக்கு? தை பொறந்தா ஊருல கட்டிக் குடுக்கப் போறோம்" என்றார்.

தை பிறக்கும் முன் அம்மா இறந்துபோனார். எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ள அத்தையை விட்டால் ஆள் இல்லை. ஊர் மாப்பிள்ளை காத்திருக்கவில்லை. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. எங்களுக்கெல்லாம் நீல அடையாள அட்டை, அத்தைக்கு மட்டும் சிவப்பு. இந்த நாட்டில் இருக்கலாம், இந்த நாட்டவர் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

சின்னத்தையை அத்தைதான் முன்நின்று சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்தார். அப்போது நடுவில் எல்லை கிடையாது. பட்டர்வொர்த்தில் ரயிலேறினால் போதும். சின்னத்தையின் மகன் பிறந்தபோது போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். பிறகு சிங்கப்பூர் தனி நாடானது, பாஸ்போர்ட் கேட்டார்கள். அத்தைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. எங்கே கேட்டாலும் பிறப்புப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அந்தக் கிராமத்தில் யாரும் பதிந்து வைக்கவில்லை.

எழுபதாம் ஆண்டு வாக்கில் சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. டவுனில் அத்தை பார்த்துவந்த மருந்துக்கடை வேலை அதில் போனது. நாங்கள் பாயான் பாரு மாடிவீட்டுக்குக் குடிவந்த பிறகு, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் போகும் பெண்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்த்தார். யார் பிள்ளைக்கும் அவர் கையில் சோறு இறங்கியது.

குடியுரிமைக்கு மூன்று முறை எழுதிப் போட்டோம். ஒரு நேர்காணலில் அதிகாரி, "இவ்வளவு நல்லா மலாய் பேசுறீங்களே, எங்க படிச்சீங்க?" என்று மலாயில் கேட்டார்.

"பாசார்ல மீன் வாங்கிப் படிச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பிறப்புப் பத்திரம் கேட்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

பெர்லின் சுவர் விழுவதற்கு முந்தின வருடம் சின்னத்தை சிறுநீரகம் பழுதாகிப் படுத்துவிட்டார். நான் மட்டும் போனேன். "அக்கா எங்கடா?" என்றார். "பேப்பர் போட்டிருக்கு, வந்துருவாங்க" என்றேன். பொய்தான். சின்னத்தையின் காரியம் முடிந்து திரும்பியதும் அத்தை கேட்டார்.

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி இருந்துச்சுக்கா."

"என்னா கலரு சேல கட்டிவிட்டிருந்தாங்க?"

"பாக்கலக்கா."

"அவ்வளவு தூரம் போய்ட்டு அதக்கூடப் பாக்கலியா" என்றார். அவ்வளவுதான்.

சுவர் விழுந்ததை நாம் டிவியில் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரியவள்தான் செய்தியைப் படித்துச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே ஊருதானா?" என்று அத்தை கேட்டார்.

"ஒரே ஊருதான் அத்தை. நடுவுல செவுரு வச்சிட்டாங்க. தாண்டுனா சுட்டுருவாங்களாம்."

"இப்ப?"

"இப்ப சும்மா நடந்து போறாங்க பாருங்க."

"அத்தை, நீங்களும் ஒரு சுத்தியல எடுத்துக்கிட்டு ஜொகூர் எல்லைக்குப் போங்கலா" என்றான் சின்னவன். எல்லோரும் சிரித்தோம், அத்தையும்தான். "அந்தக் கெழவியப் பாரு, யாரையோ புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டுப் பால் கலக்க எழுந்து போனார்.

மறுநாள் காலையில், "தம்பி, இன்னொரு தரம் எழுதிப் போடுவோமா?" என்றார்.

"தங்கச்சியே போய்ட்டா. இனிமே யாரப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"யாரையும் பாக்க இல்லடா. போகலாம்னு இருக்கணும்லா."

நாலாவது மனு போட்டோம். இரண்டு வருடம் கழித்து, குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரம் எனக்கு ஃபேக்டரி ஸ்டோரில் சரக்கு எண்ணும் வேலை. லீவு கேட்டுப் பார்த்திருக்கலாம், கேட்கவில்லை. "அடுத்த மாசம் போவோம்க்கா" என்று தேதியை மாற்றினேன். அத்தை சரி என்றார். அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. மூன்றாம் நாள் போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது.

முதலில் சொன்ன தேதிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாற்றியது நான். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. அப்பா ஏன் அழவில்லை என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். எனக்கும் தெரியவில்லை. இப்போதும் கை எழுதுகிறது, வேறு ஒன்றும் வரவில்லை.

இறப்பைப் பதியப் போனபோது, குடிமகளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உடனிருந்த மாடிவீட்டுப் பெண்களுக்கும், என் ஷிப்டைத் தாங்கிய நண்பர்களுக்கும், அத்தை வளர்த்த பிள்ளைகளோடு வந்து நின்ற தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செய்தி கேட்டு அன்றே புறப்பட்டு வந்து, என்னோடு நின்று எல்லாக் காரியமும் செய்த சின்னத்தை மகனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போகும்போது அத்தையின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனான். எல்லையில் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, யார் இது என்று கேட்டாராம். "என் பெரியம்மா" என்றானாம். போகலாம் என்று கையைக் காட்டினாராம்.