பல்லி அண்ணனின் சிக்ஸ்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. தைப்பொங்கலுக்கு இரண்டும் கிரிக்கெட் ஆடும். மேற்கணக்கில் ஆடத் தெரிந்தவர்கள் அதிகம், சட்டம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அம்பயர் எப்போதும் கீழ்க்கணக்கு மரியரட்ணம்தான்.

மற்ற நாட்களில் அவர் கவ்வாத்துக்காரர்; தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குகிற வேலை. மலையில் கங்காணி சொல்வதைக் கேட்பார், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் மேற்பார்வைக் கண்டாக்கு ஐயா சொல்வதைக் கேட்பார், வீட்டில் மனைவி பெற்றீசியா சொல்வதைக் கேட்பார். பொங்கலன்று மட்டும், தோட்டத்து டிஸ்பென்சர் ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். அன்றைக்கு அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தோட்டமே பார்க்கும். அந்த ஒரு நாளை யார்தான் விட்டுக்கொடுப்பார்?

அப்பேர்ப்பட்ட கைதான் மழைக்காலத்தில் மக்கர் பண்ணியது. முதலில் தலை சீவ முடியவில்லை. பிறகு சட்டை போட ஆள் வேண்டியிருந்தது. வலது கை தோள் உயரத்துக்குக்கூட வராமல் நின்றுகொண்டது. பெற்றீசியா தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மணத்ததுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் டொக்டர், தோள் மூட்டு இறுகிவிட்டது, மருந்தைவிடப் பயிற்சிதான் கைகொடுக்கும் என்று சொல்லிவிட்டார். பயிற்சி கற்றுக்கொடுக்கும் மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். முதுகு துடைப்பதுபோல் துவாயைப் பின்னால் பிடித்து இழுக்கச் சொன்னாள். கடைசியாகச் சுவரில் விரல்களை வைத்து, ஒவ்வொரு விரலாக மேலே நடத்திக்கொண்டு போகச் சொன்னாள்.

"ஹெமின், ஹெமின், மாமே" என்றாள். மெதுவாகவாம்.

மெதுவாக எப்படிப் போவது? பொங்கல் வந்துகொண்டிருக்கிறதே. வாலிபர் சங்கச் செயலாளர் கிஷாந்த் ஏற்கெனவே வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"மாமா, சிக்ஸ் போனா ரெண்டு கையும் தூக்கணும். ஒத்தக் கையத் தூக்குனா அது பை ஆயிரும், நாலுதான் கெடைக்கும். முடியலன்னா சொல்லுங்க, ஜீவராஜ் அண்ணனப் போடுறோம்."

ஜீவராஜ் அடுத்த வீட்டுக்காரர். ஆள் நல்ல நெட்டை. வருஷக்கணக்காக ஓரத்தில் நிற்கும் இரண்டாவது அம்பயர். அவருக்குக் கோட்டு கிடையாது, தொப்பி மட்டும். மரியரட்ணத்தின் கோட்டின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண்.

அன்றிலிருந்து மரியரட்ணம் விடிந்ததும் சுவரில் விரலை ஏற்றினார். லயம் என்பது ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்; ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. கவ்வாத்துக்காரர் நகம் கொஞ்சம் தடிப்பு. விரல் நடக்க நடக்க டிக், டிக் என்று அடுத்த வீட்டில் கேட்டது. அங்கே ஜீவராஜின் மனைவி மீனம்மா, உடப்புசல்லாவையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகப் பையோடு நின்றிருந்தாள். பல்லி சொல்கிறது! பயணத்தை நிறுத்திவிட்டாள். மறுநாளும் சொன்னது. அதற்கு மறுநாளும். பலன் சொல்லாமல் ஒரு காலைகூட விடாத பல்லியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கடைசியில் பல்லியைப் பிடிக்க ஜீவராஜே விளக்குமாற்றோடு வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னாண்ணே செய்றீங்க?"

"கைய ஏத்துறேன்."

"நல்லா ஏத்துனீங்க. ஒங்களால எம் பொஞ்சாதி தங்கச்சி வீட்டுக்கே போகாம கெடக்கா!"

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அவருக்குப் 'பல்லி அண்ணன்' என்று பெயராகிவிட்டது. மரியரட்ணத்துக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் விரலை நிறுத்தவில்லை. எட்டிய இடத்தில் பெற்றீசியா கரிக்கட்டையால் கோடு கிழித்தாள். அடுத்த கோட்டுக்கு ஏறும்போதெல்லாம் அவர் "அந்தோனியாரே!" என்று அலறினார்.

"புள்ள பெத்தப்ப நான்கூட இப்புடிக் கத்தல" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்வாள்.

பொங்கலுக்கு முன்பு கிஷாந்த் சங்க அறையில் பரீட்சை வைத்தான். மரியரட்ணம் சுவர் ஓரமாக நின்று விரலை ஏற்றினார். வலது கை உச்சிக்கு மேலே போனது. இடது கையும் கூடச் சேர, எல்லாரும் கைதட்டினார்கள். கை மேலே போனதை எல்லாரும் பார்த்தார்கள். சுவர் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை, மரியரட்ணமும்தான்.

கிரவுண்டில் ஏது சுவர்? கோட்டை மாட்டிக்கொண்டு நடுவில் போய் நின்ற பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. கையைச் சும்மா தூக்கிப் பார்த்தார். தோளோடு நின்றுவிட்டது. "அந்தோனியாரே, எல்லாத்தையும் நாலோட நிப்பாட்டும்" என்று வேண்டிக்கொண்டார். அந்தோனியாரும் கடைசிப் பந்துவரை காப்பாற்றினார்.

கடைசிப் பந்து. மேற்கணக்குக்கு நாலு போனால் சமன், ஆறு போனால் வெற்றி. மட்டை பிடித்த நிரோஷன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்தது.

"கோட்டுக்கு முன்னாலயே குத்திருச்சு, நாலுதான்!" என்று கத்தினார்கள் கீழ்க்கணக்குப் பையன்கள். மரியரட்ணம் கண்ணால் பார்த்தார், குத்தவே இல்லை. இரண்டு கையையும் தூக்கினார். இடது கை போனது. வலது கை போகவில்லை.

"ஒத்தக் கை! பை! பை!" என்று கீழ்க்கணக்கு துள்ளிக் குதித்தது.

"தன் கணக்கு தோக்குதுன்னு கைய மடக்கிட்டாரு!" என்று மேற்கணக்கிலிருந்து ஒரு குரல். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அவரைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். "சாமி கும்புடுறாரு" என்று சிரித்தார்கள். "சிக்ஸ்!" என்று வாய்விட்டுச் சொன்னார். ஸ்கோர் எழுதும் சர்மிளா பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாயால சொன்னா எழுத மாட்டேன், மாமா. கையக் காட்டுங்க."

அப்போது ஓரத்திலிருந்து ஜீவராஜ் நடந்து வந்தார். போச்சு, கோட்டைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தார் மரியரட்ணம். ஜீவராஜ் அவர் முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"ஏறுங்கண்ணே."

விரல்கள் இடுப்பில் தொடங்கின. முதுகில் ஏறின. "கூசுது, சீக்கிரம்" என்று நெளிந்தார் ஜீவராஜ். கழுத்து, பிடரி, உச்சந்தலை. அங்கிருந்து வலது கை ஆகாயத்துக்குப் போனது. இடது கை ஏற்கெனவே அங்கே காத்திருந்தது.

"பல்லி சொல்லிருச்சு!" என்று கூட்டத்திலிருந்து கத்தினாள் மீனம்மா. சர்மிளா ஆறு என்று எழுதினாள்.

மேற்கணக்கு நிரோஷனைத் தூக்கிக்கொண்டு போனது. கீழ்க்கணக்குப் பையன்கள் ஜீவராஜைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம கணக்கு தோத்துருச்சேண்ணே, ஏன் முதுகக் குடுத்தீங்க?"

"பந்து குத்தலயேடா" என்றார் அவர்.

மரியரட்ணத்தால் கோட்டைக் கழற்ற முடியவில்லை; வலது கை விண்விண் என்று வலித்தது. ஜீவராஜ்தான் மெதுவாகக் கையை உருவி எடுத்தார். கோட்டு முழுசாக அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உதறி மடித்துப் பெற்றீசியாவிடம் நீட்டினார்.

"தொவச்சு வைங்கக்கா. அண்ணனுக்கு அடுத்த வருசத்துக்கு வேணும்."