ராக்கம்மாள் வீட்டு நீர்மட்டம்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து துடுப்புப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் நண்டன்துருத்து என்ற குட்டித் தீவை அடையலாம். கிழக்கே காயல், மேற்கே கடல், நடுவே பதினொரு வீடுகள். கடற்புறத்தில் ஆளுயரக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை அவற்றிலும் ஆண்டுக்கு இரண்டு மூன்றை உருட்டிக்கொண்டு போகிறது. காயற்புறத்தில் கண்டல் மரங்கள் சேற்றில் வேரூன்றி வழியை மறித்து நிற்கின்றன. அங்குள்ள நீர்நாய்கள் மீன்கூடையின் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. பாலம் கட்டுவதற்காக மூன்று முறை ஆட்கள் வந்து அளந்தார்கள். மூன்றாம் முறை அளவுநாடாவை அலை கொண்டுபோய்விட்டது. அதன்பின் எவரும் வரவில்லை.

இத்துருத்தில் ராக்கம்மாள் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறார். மாநகராட்சியில் துப்புரவுப் பணி. கணவர் பாலையா நாள்தோறும் விடியுமுன் வள்ளத்தில் கொண்டுவந்து விட, ஆறு மணிக்கெல்லாம் பண்டகசாலைத் தெருவில் துடைப்பத்துடன் நிற்பார். அரிசி மண்டி முதலாளிகளை, "கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, தூசி உங்க மேலயும் இருக்கு" என்று நகர்த்தக்கூடியவர் அவர் ஒருவரே. எங்கள் தெருவும் அவருடைய எல்லைக்குள் அடங்கும். நான் பணி ஓய்வு பெற்ற நாள்முதல் காலையில் அவருடன் பேசாமல் செய்தித்தாளைப் பிரிப்பதில்லை.

அவருக்கு இருந்த குறை ஒன்றே. மகன் அபிலாஷ் ஏசி மெக்கானிக், நற்குணம் உடையவன், முப்பத்தொரு வயதாகியும் திருமணம் கூடிவரவில்லை. கேரளத்து வழக்கப்படி, வாக்குக் கொடுப்பதற்கு முன் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வேண்டும். 'வீடு காணல்' என்று அதற்குப் பெயர். நான்கு குடும்பத்தார் நண்டன்துருத்துக்கு வந்தனர். சுவரில் முழங்காலளவில் இருந்த நீர்க்கறையைக் கண்டனர். வந்த வள்ளத்திலேயே திரும்பிச் சென்றனர். பௌர்ணமி, அமாவாசை நாள்களில் கடல் பொங்கி வரும் வேலியேற்றத்தின்போது காயல் நீர் அங்குள்ள வீடுகளுக்குள் புகுந்துவிடும் என்பதே காரணம்.

ஐந்தாவதாக அமைந்தது ஆலுவாச் சம்பந்தம். பெண்ணின் பெயர் சோனியா, மருந்துக்கடையில் வேலை. தந்தை ஒச்சப்பன் வயரிங் தொழில் செய்பவர். பெரியாற்றில் பெருவெள்ளம் வந்த ஆண்டில் இரண்டு நாள்கள் வீட்டுக் கூரைமேல், அயல் வீட்டு ஆடு ஒன்றுடன் அமர்ந்திருந்தவர். அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்பைக் கேட்பதில்லை, சம்பளத்தையும் கேட்பதில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், தாயி. வீட்டுக்குள்ள தண்ணி ஏறுமா?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"ஏறாதுண்ணே" என்றார் ராக்கம்மாள். அவர் அதைச் சொன்ன நேரத்தில் தரை உலர்ந்திருந்தது என்பது மட்டும் உண்மை.

பொய் சொன்னவர் அதைக் காப்பாற்றவும் வழி வைத்திருந்தார். அஷ்டமியில் வேலியேற்றம் மெலிந்துவிடும். வீட்டுப் படியைக்கூடத் தண்ணீர் தொடாது. ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி, அன்றே வந்துவிடுங்கள் என்று அழைத்தார்.

மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"தாயி, வீட்டுல காலண்டர் இருக்கா?"

"இருக்குண்ணே. அதப் பாத்துத்தான் சொல்லுறேன்."

"பாத்துட்டா சொல்லுறீங்க? அஷ்டமியில நான் செருப்பு வாங்கக்கூடக் கடைக்குப் போனதில்ல. அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம பௌர்ணமி. காலையில எட்டு மணிக்கு நல்ல நேரம். ரெண்டு மணிக்கு மேல எனக்கு ஒரு வீட்டுல வயரிங் உண்டு. எட்டுக்கே வந்துருவோம்."

மங்கலமான நாள்களில் நனைந்தும், ஆகாத நாள்களில் உலர்ந்தும் இருக்கும் வீட்டில் ஒருவர் நல்ல காரியம் பேசுவது எங்ஙனம்? அது விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை. ஆண்டிலேயே நீர் மிகுந்து ஏறும் காலம். அந்தப் பௌர்ணமியன்று காலை பத்து மணிவரை தண்ணீர் வீட்டைவிட்டு இறங்காது என்பதைப் பதினொரு வீட்டாரும் அறிவர்.

ராக்கம்மாள் சோர்ந்துவிடவில்லை. தண்ணீரை நிறுத்த இயலாது; விருந்தினரை நிறுத்தலாம் என்று முடிவு செய்தார். பாலையா அவர்களைத் துறையிலிருந்து ஏற்றி, இயற்கைக் காட்சிகளைக் காட்டி, துருத்தைச் சுற்றிச் சுற்றி, பத்தரை மணிக்குக் கரை சேர்க்க வேண்டும். இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பாலையா நாளொன்றுக்குப் பத்துச் சொற்களுக்குமேல் பேசாதவர்.

"சாரே, நீங்களும் வள்ளத்துல ஏறிக்குங்க" என்று என்னிடம் வந்தார் ராக்கம்மாள். "அவரு வாயத் தொறக்கமாட்டாரு. நீங்க தொறந்தா மூடமாட்டீங்க. ரெண்டும் சேந்தாச் சரியா இருக்கும்."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒச்சப்பன் வெள்ளை வேட்டியும் புதுச் செருப்புமாகத் துறைக்கு வந்தார். அவர் மனைவி காயலைக் கடக்க மறுத்து ஆலுவாவிலேயே தங்கிவிட்டதால், வழக்கத்துக்கு மாறாகச் சோனியாவே உடன் வந்திருந்தார். "வாழப்போறவ அவதான். அவளே பாக்கட்டும்" என்று ஒச்சப்பன் விளக்கினார். வள்ளத்தில் அமர்ந்ததும் இருபுறப் பலகைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

பாலையா ஒரு வாரம் பயிற்சி பெற்றிருந்தார். கண்டல் மரங்களை நெருங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது கண்டல்" என்றார்.

ஐந்து நிமிடம் கழித்து, "இதும் கண்டல்" என்றார்.

இடையிலிருந்த அமைதியை நான் துறைமுக வரலாற்றைக் கொண்டு நிரப்பினேன். ஒச்சப்பன் அதைக் கேட்கவில்லை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடற்புறத்துப் பாறைகளைச் சுற்றி மீண்டும் காயலுக்குள் நுழைந்தபோது அவர் வாய் திறந்தார்.

"அண்ணே, இந்தப் பாறைய முன்னாலயே பாத்தோம்."

"அது வேற" என்றார் பாலையா.

"அதே நீர்க்காக்கா மேல உக்காந்திருக்கே."

பாலையா சிந்தித்தார். "பறந்து வந்திருக்கும்."

சோனியா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

மூன்றாம் சுற்றில் பக்கத்து வீட்டுச் சுதீர் எஞ்சின் பொருத்திய வள்ளத்தில் எதிரே வந்தார். பிறருக்கு உதவுவதில் அவரை மிஞ்ச அந்தத் துருத்தில் ஆள் இல்லை.

"பாலையா சேட்டா, எந்தா பற்றி, என்னாச்சு? கை வேதனையா? நானும் பாக்குறேன், வட்டம் சுத்திட்டே இருக்கீங்க."

"ஒண்ணுமில்ல. நீ போ."

"சேட்டன் சாவக் கெடந்தாலும் உதவி கேக்கமாட்டாரு" என்று எங்களிடம் சொல்லிவிட்டுச் சுதீர் கயிற்றை வீசினார். அதை எட்டிப் பிடித்து வள்ளத்தின் முனையில் முடிச்சுப் போட்டவர் ஒச்சப்பனே. எட்டு மணி இருபது நிமிடத்துக்கு நாங்கள் ராக்கம்மாள் வீட்டை அடைந்தோம். முற்றத்தில் இறங்கவேண்டிய தேவை எழவில்லை. வள்ளம் நேரே வாசற்படிக்கே மிதந்து சென்றது. சுதீர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, மனநிறைவுடன் மீன்பிடிக்கப் போய்விட்டார்.

முன்னறையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. புதுப் புடவையை உயர்த்திச் செருகிக்கொண்டு, ராக்கம்மாள் ஒரு கரிமீனைத் துடைப்பத்தால் வெளியே விரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். கரிமீன் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது.

"தண்ணி ஏறாதுன்னு சொன்னீங்க, தாயி" என்றார் ஒச்சப்பன்.

"அஷ்டமிக்கு வாங்கன்னும் சொன்னேன். கேட்டீங்களா?"

"பொய்யும் சொல்லிட்டுக் கோவமும் படுறீங்களே."

"பொய்யிதாண்ணே." ராக்கம்மாளின் குரல் தணிந்தது. "நாலு பேருட்ட உண்மையச் சொல்லிப் பாத்தேன். ஒருத்தரும் சாயாவ முழுசாக் குடிக்கல. இவனுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. தண்ணி ஏறுறது எம் மவன் செஞ்ச தப்பா?"

ஒச்சப்பன் பாலையாவிடம், "வள்ளத்தத் திருப்புங்க" என்றார்.

"தண்ணி ஒழுக்கு எதிர்ல அடிக்குது. பத்து மணி ஆவும்" என்றார் பாலையா. கண்டலை விட்டால், அன்று காலை அவர் கூறிய முதல் உண்மை அது.

ஆகவே வள்ளத்தைத் தூணில் கட்டினர். ஒச்சப்பன் வீட்டுக்கு முதுகைக் காட்டி அதிலேயே அமர்ந்திருந்தார். அபிலாஷ் தண்ணீரில் நடந்து வந்து நீட்டிய சாயாவை, ஆளைப் பாராமல் வாங்கிக்கொண்டார். ஆனால் சோனியா காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"ஏறு சோனியா."

"இருங்கப்பா. வீடு காண வந்துட்டு வீட்டக் காணாமப் போனா எப்படி?"

உள்ளே அவர் கண்டவற்றை நானும் கண்டேன். குளிர்பதனப் பெட்டி மார்பளவுச் சிமெண்டு மேடையில் நின்றது. கட்டிலின் கால்கள் செங்கற்களின்மேல் இருந்தன. அரிசி டிரம் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கியது. துணி துவைக்கும் எந்திரம் பரணில் இருந்தது. ரேஷன் அட்டையும் சான்றிதழ்களும் மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கூரைக்கடியில் இருந்தன. ஆலுவாவில் சோனியாவின் சான்றிதழ்கள் பெருவெள்ளத்தில் கூழாகிப்போனவை. அவர் அந்தப் பெட்டியை நெடுநேரம் நோக்கினார். பிறகு உரக்கச் சொன்னார்:

"அப்பா, இங்க பிளக் பாயிண்ட் எல்லாம் என் தோளுக்கு மேல இருக்கு. வயரெல்லாம் மேலருந்து கீழ எறங்குது."

சாயா டம்ளரை வள்ளத்தில் வைக்கும் ஓசை கேட்டது.

"எர்த்து எங்க போவுது?" என்று முதுகு கேட்டது.

"பின்னால மேட்டுல குழியெடுத்து எறக்கியிருக்கேன்" என்றான் அபிலாஷ்.

"உப்பு மண்ணு. இரும்புக் கம்பியத் தின்னுரும்."

"செம்புக் கம்பிங்க."

"செம்பா?"

ஒச்சப்பன் திரும்பினார். செருப்பைக் கழற்றி இருக்கைப் பலகையின்மேல் ஒழுங்காக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி தண்ணீரில் காலை வைத்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதற்கண் மெயினை அணைத்தார். அதன்பிறகே மூச்சு விட்டார். ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியாகத் திறந்து பார்த்தார். அபிலாஷ் பின்னாலேயே டார்ச் பிடித்துச் சென்றான். குறையொன்றும் அகப்படாததால் ஒச்சப்பனின் முகம் வாடிவந்தது. இறுதியில் தண்ணீர் மோட்டாரும் குளிர்பதனப் பெட்டியும் ஒரே லைனில் இருப்பதைக் கண்டுபிடித்தபின்தான் மலர்ந்தார்.

"ஏசி மெக்கானிக்குன்னா வயர்மேன் ஆயிருவியா?" என்று அபிலாஷைக் கடிந்தார்.

"இல்லீங்க."

பத்து மணிக்குத் தண்ணீர், வந்த வாசல் வழியாகவே வெளியேறத் தொடங்கியது. ராக்கம்மாள் துடைப்பத்துடன் அதன் பின்னாலேயே சென்றார். முக்காலியில் அமர்ந்து ஒச்சப்பன் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுண்ணே. நாளைக்கும் வரும். நாலு நாளுல கொறஞ்சிரும்."

"இவ்வளவுதானா?" என்றவர், "எங்க வீட்டுக்கு வந்த தண்ணி, எப்பப் போவும்னு யாருக்கும் தெரியாது. ஆடுதான் விடியவிடியக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறப்பட்டன. ஒச்சப்பன் இரண்டு முறை வாங்கி உண்டார். சம்பந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தெருவில் முதலாளிகளை நகர்த்துபவர், தம் வீட்டு வாசலில் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். பகல் பன்னிரண்டரைக்கு எல்லாரும் வள்ளத்தில் ஏறினோம். பாலையா கழுக்கோலை ஊன்றினார்.

"தம்பி" என்று ஒச்சப்பன் அபிலாஷை அழைத்தார். "மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கணும். நீ தொடாத. தை பொறந்ததும் நானே வந்து இழுத்துத் தர்றேன்."

"இத்தன நாள் ஓடிச்சே. இப்ப எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்?" என்றார் ராக்கம்மாள்.

"சிரமத்தப் பாத்தா முடியுமா? எம் மவ ஈரக் கையோட சுவிச்சப் போடுறவ. எத்தன தடவ சொன்னாலும் கேக்கமாட்டா. பின்னால என்னையக் கொற சொல்லக்கூடாது."

ராக்கம்மாள் திருகிக்கொண்டிருந்த முந்தானையை விட்டார். கோலை ஊன்றியவாறே பாலையா சொன்னார்:

"சொல்லமாட்டோம், சம்மந்தி."