வெளியே என்ற இடம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். ஆலைக் கழிவு கலந்த அந்த நீரில் வெந்த விரல்களைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, செல்போனில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை ஆடினார். கெட்ட காற்றுக்கு ஒரு குழாய், கழிவுநீருக்குச் சுத்திகரிப்புத் தொட்டி. எங்கள் ஆலையில் எத்தனையோ கூட்டம் போட்டும் வராத தொட்டி, அங்கே ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது.

"எதுக்கு இவ்வளவு கஷ்டம்? வெளியே விட்டுடலாமே?" என்றேன்.

"இதுல வெளியன்னு எதுனா கீதா நைனா? எங்க வுட்டாலும் நம்ம ஜனம் மேலதான் வரும்" என்று சிரித்தார். "ஆமா, நீ இன்னா வேல பாத்த?"

முப்பது வருடம் ஆலைக்குக் கழிவுக் குழாய் வரைந்தவன், "ஆபீஸ் வேலை" என்றேன்.

காத்திவாக்கம் வந்தது. என் வரைபடங்களில் அம்புக்குறி போட்டு 'வெளியே' என்று நான் எழுதிய இடத்தில், அவர் இறங்கி வீட்டுக்கு நடந்தார்.