புவனேஸ், கதவைத் திற

இனி நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இச்சபை முன் சத்தியம் செய்கிறேன்.

போன வாரம் மெல்பேர்ணில், ரோவில் வீட்டில் நான் தேநீரோடு இருந்தபோது, சிட்னியின் டூங்கபியிலிருந்து புவனேஸ் அக்கா தொலைபேசியில் வந்தார். "தம்பி, உம்மட அண்ணர் விடியப்புறம் போயிட்டார். வாரும். வரேக்க பாட்டுக்காரர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வராதையும்." கணவனை இழந்த நேரத்திலும் அவருக்கு அந்தப் பயம் விடவில்லை. காரணம் உண்டு.

அக்காவின் கணவர் தர்மலிங்கம் அண்ணர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் சிட்னியில், பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். மாலையானால் கிற்றாரும் கையுமாக ஆட்டுப்பண்ணை, நெடுஞ்சாலை, பிரிந்த காதல் என்று ஆங்கிலத்தில் கன்ட்ரி என்கிற வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டுக் கட்டுவார். அவர் சுருதி சேர்த்தால் மலையிலிருந்து கங்காருக்கள் இறங்கி வந்து வரிசையாகக் குந்தும். சிட்னி ரயில்கள் பிந்தத் தொடங்கியதும் அவரால்தான். பாட்டு முடியும்வரை சாரதிகள் வண்டியை எடுப்பதில்லை.

அந்தப் பாட்டுகளை இசைத்தட்டாக்க அவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை ஒருநாள் எடுத்தார். பின்பாட்டுக்கு எங்கள் வெள்ளிக்கிழமைப் பஜனையிலிருந்து மூவரைக் கூட்டிப்போனார். அப்போது சிட்னியில் இருந்த நானும் ஒருவன். "நான் நிப்பாட்டிற இடத்தில நீங்கள் பாடுங்கோ" என்றார். ஒருவர் பாடி நிறுத்தினால் பஜனைக்காரன் வேறென்ன செய்வான்? ஒவ்வொரு வரியையும் கைத்தாளத்தோடு அப்படியே திருப்பிப் பாடினோம்.

தலைப்புப் பாட்டு அக்காவுக்காகக் கட்டியது. ஒத்திகைக்குப் போய்ப் பிந்தி வந்தால் அக்கா கதவைப் பூட்டிவிடுவார். ஆங்கிலத்தில் ஓடிய பாட்டு தமிழில் முடிந்தது: "புவனேஸ், கதவைத் திற." நாங்கள் மூவரும் கூரை தூக்க, "புவனேஸ், கதவைத் திற" என்றோம்.

ஒலிப்பதிவாளர் வெள்ளைக்காரர். வரிக்குப் பொருள் கேட்டறிந்து, "இந்தப் பெண் நான்கு பேரையுமா வெளியே விட்டுப் பூட்டினாள்?" என்றார். அண்ணர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பிடியே இருக்கட்டும். பாட்டெண்டால் பதில் வரவேணும்."

தட்டு வெளிவந்தது. வானொலி போட்டது, பத்திரிகை ஒன்று புகழ்ந்தது. நாட்டின் உட்பகுதிப் பண்ணைகளில் ஆடுகள் ஒவ்வொரு வரியையும் திருப்பிக் கத்தியதால் கம்பளி வெட்ட முடியவில்லை என்று முறைப்பாடு வந்தது. வீட்டு விமர்சனம்தான் மோசம்.

"உங்கட சிநேகிதர்மார் எல்லாருக்கும் நானே கதவு திறக்கிறது?" என்று கேட்ட அக்கா, தட்டைத் தூக்கி அலுமாரியின் மேல் போட்டார். அண்ணர் இருந்தவரை அந்தப் பாட்டை அக்கா கேட்டு ஒருவரும் கண்டதில்லை. யார் பாராட்டினாலும் அண்ணர் என்னிடம், "அவள் கேக்கேல்லையெண்டால் அது இன்னும் வெளிவரேல்லை, தம்பி" என்பார். அப்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

செத்த வீட்டில் அவர்களின் மகள் அந்தத் தட்டைப் போட்டாள். அண்ணர் ஒரு வரி பாடி நிறுத்தினார். தட்டிலிருக்கும் நாங்கள் வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் பாடியது. அடுத்த வரிக்கும் அப்படியே. அத்தனை ஆங்கில வரியும், ஒரு சொல் பிசகாமல்.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பயக்கா கேட்டனீங்கள்?"

"அவர் வேலைக்குப் போனாப்பிறகு."

"அண்ணருக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னால் இன்னொரு தட்டெல்லோ போட்டிருப்பார்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "ஆனால் தட்டுப் போடுற பாட்டுப்பெட்டியில ஊசி தேய்ஞ்சால், ஆர் தேய்ச்சதெண்டு கேளாமல் புது ஊசி வாங்கிக்கொண்டு வந்து வைப்பார்."

அவர் கடைசியாக வாங்கி வைத்த ஊசியை அக்கா எனக்குத் தந்தார். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அண்ணரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அதுதான்.

கங்காரு பொய். ரயில் பொய். ஆடுகளைப் பற்றி நானே வெட்கப்படுகிறேன். ஊசி மட்டும் உண்மை.