சகலையின் அறுபதும் என் நாற்பதும்

இன்று பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததுமே என் சகலை வழக்கம்போல என்னைக் காட்டி ஆரம்பித்தார்.

"எழுபதுகள்ல எங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரே கம்பெனி கார். வாத்தியாருது பழைய மாடல், என்னுது புதுசு. ஆளுக்கு அஞ்சு லிட்டர் ஊத்தி ஓட்னோம். இவர் மீட்டர்ல நாப்பது, என்னுதுல அறுபது! அப்பலேர்ந்து மாமனார் இவர் வண்டில ஏறவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை வருடச் சிரிப்பு!

போன வாரம் அவர் காருக்குள் எடுத்த பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. மீட்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனைவியிடம்கூடச் சொல்லாமல் இந்தப் பந்திக்காகவே காத்திருந்தேன்.

"சகல, பத்து இஞ்ச் பெருசா, பதினஞ்சு சென்டிமீட்டர் பெருசா?"

"பத்து இஞ்ச்தான். இன்னா இப்போ?"

"உங்க புது மாடல் மீட்டர் காட்டுனது கிலோமீட்டர். என் பழசு காட்டுனது மைல். நாப்பது மைல்னா அறுபத்து நாலு கிலோமீட்டர்."

அவருடைய சம்பந்திதான் முதலில் சிரித்தார். பிறகு பந்தியே சிரித்தது.

"மாமனார் உயிரோட இருக்கசொல்லோ சொல்லியிருக்கலாமில்ல," என்றார் சகலை, இலையைப் பார்த்தபடி.

அது ஒன்றுதான் குறை. இருந்தாலும் இன்னொரு ஜாங்கிரி கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே நிதானமாகச் சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை உண்டுதான். இன்றைக்கு மட்டும் யாரும் திட்டாதீர்கள்.