பழைய பைத்தனைக் கைவிட்ட கிழமை

கைபேசியில் எழுதும் தமிழைப் பழைய அச்சக எழுத்துருவுக்கு மாற்றித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றை நான்தான் எழுதினேன். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், காசில்லை. சும்மா கொடுக்கிறேன் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது, ஒளிப்பானேன். அது பைத்தன் என்ற கணினி மொழியில் ஓடுவது; பழைய பைத்தனில் ஓடவில்லை என்று எவனாவது முறையிட்டபடி இருப்பான். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அலுத்துப்போய், ஒருநாள் காலை அதற்கான வரிகள் அத்தனையையும் அழித்துவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினேன். முழுகி எழும்பினதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் உடுப்பிட்டியிலிருந்து ஓர் அச்சகக்காரர் அழைத்தார். செத்தவரின் வரலாறும் பிள்ளைகளின் புலம்பலும் சேர்த்து, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுப்பவர். வெளிநாட்டுப் பிள்ளைகள் கைபேசியில் அனுப்புவதை என் மென்பொருளால்தான் மாற்றுவார்.

"தம்பி, உங்கடை புதுசு என்ரை கொம்பியூட்டரிலை ஓடுதில்லை. நீங்கள் எழுதிவைச்சபடி பழசை அழிச்சுப்போட்டுத்தான் போட்டனான்."

அப்படி எழுதிவைத்தது நான்தான்.

"அண்ணை, உங்கடை பைத்தன் பழசு. இனி அதுக்கு நான் ஒண்டும் செய்யமாட்டன்."

"வெள்ளிக்கிழமை ஒரு கல்வெட்டுக் குடுக்கவேணும். இது ஒண்டு மட்டும்..."

"எல்லாரும் இது ஒண்டு மட்டும் எண்டுதான் சொல்லுறியள். இருந்து தட்டச்சு செய்யுங்கோவன்."

"எனக்குத் தட்டச்சு வராது தம்பி. அது என்ரை மனுசியின்ரை வேலை."

"அப்ப மனுசியைச் செய்யச் சொல்லுங்கோ."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

பழைய பதிப்பு, புதியதை இறக்கும் அதே இணையப்பக்கத்தின் அடியில் கிடந்தது. கீழே போய் அதை எடுங்கோ என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சொன்னால் நாளைக்கும் அழைப்பார். பட்டால்தான் மாறுவார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை திரும்ப அழைத்தார்.

"நாளைக்கு எங்கடை வீட்டை முப்பத்தொண்டு. மத்தியானம் சாப்பிட வாங்கோ."

"ஆருக்கு அண்ணை?"

"மனுசிக்கு."

போனேன். பந்தியில் இருக்குமுன் கையில் கல்வெட்டைத் தந்தார்கள். முழுக்க அவருடைய கையெழுத்து, போட்டோக்கொப்பி. பிள்ளைகளின் புலம்பலைக் கைபேசியைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். நடுப்பக்கங்களில் கை ஓய்ந்து எழுத்துகள் சரிந்து கிடந்தன. கடைசிப் பக்கம் வழக்கம்போல நன்றி: பாடை தூக்கியவர்களுக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு, சமைத்தவர்களுக்கு. அடியில், "இவ்வளவு காலமும் எழுத்து மாற்றித் தந்த தம்பிக்கும்."

குத்தலாக எழுதியிருக்கிறார் என்று நம்பப் பார்த்தேன். குத்தலாக இருந்தால் எனக்கு எவ்வளவு நல்லது! நிமிர்ந்தேன். வாளியும் கையுமாக முன்னால் நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே தம்பி?"

"ஓம் அண்ணை" என்றேன். பழைய பதிப்பு அங்கேயேதான் கிடந்தது என்று அவருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.